தாராசுரத்துச் சிற்பமும் பேறுகாலப் பந்தும்

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு நீங்கள் சென்றிருக்கலாம். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் எடுப்பித்த கோயில் அது. தேர் போன்ற அதன் மண்டபத்தைக் கண்டு வியந்திருப்பீர்கள். அங்குள்ள சிறு சிற்பங்களையும் நின்று பார்த்தீர்களா? அவற்றுள் ஒன்று, பேறுகாலப் பெண் ஒருத்தியைக் காட்டுகிறது. அவள் படுத்திருக்கவில்லை, நிமிர்ந்து நிற்கிறாள். இரு பக்கமும் இரண்டு பெண்கள் அவளைத் தாங்கி நிற்கின்றனர்.

இன்று சில மருத்துவமனைகளின் பிரசவ அறைகளில் ஒரு புதுப் பொருளைக் காண்கிறோம். காற்றடைத்த பெரிய பந்து அது. இடுப்பு வலி கண்ட பெண் அதன்மீது அமர்ந்து மெல்ல அசைகிறாள். இது மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். பந்து புதிது என்பது உண்மை. அதன் பின்னுள்ள கருத்தோ தாராசுரத்துக் கல்லில் இருக்கிறது.

நிமிர்ந்து பெற்ற காலம்

பழங்காலத்துத் தாய்மார் உலகெங்கும் நின்றோ, குந்தியோ, மண்டியிட்டோதான் பெரும்பாலும் பிள்ளை பெற்றனர். எகிப்தில் செங்கற்களின்மேல் குந்தினர். ஜெர்மனியில் ரோஸ்லின் என்ற மருத்துவர் 1513இல் மருத்துவச்சிகளுக்காக வெளியிட்ட நூலில், பேறுகால முக்காலியின் படம் உள்ளது. நம் கிராமங்களில் உத்திரத்தில் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு வலியைத் தாங்கிய பாட்டிமார் பலர். மருத்துவச்சி எதிரே அமர்ந்திருப்பாள். உற்ற பெண்ணொருத்தி பின்னால் தாங்கிக்கொள்வாள்.

கட்டில் எப்படி வந்தது? 1668இல் பிரான்சு நாட்டு மருத்துவர் மோரிசோ, பேறுகாலப் பெண்ணைப் படுக்கையில் கிடத்துமாறு தம் நூலில் எழுதினார். ஆயுதம் கொண்டு பிள்ளையை எடுக்கும் மருத்துவருக்கு அது வசதியாக இருந்தது. நாளடைவில் அதுவே மருத்துவமனைகளின் வழக்கமாயிற்று. சென்னையில் 1844இல் பிரசவ மருத்துவமனை தோன்றியது. தஞ்சையில் மிராசுதார்களின் கொடையால் எழுந்த ராஜா மிராசுதார் மருத்துவமனையில் டெல்டாப் பெண்கள் பல தலைமுறைகளாகப் பிள்ளை பெற்றுவருகின்றனர்.

மருத்துவமனை நமக்குத் தந்ததைக் குறைவாக மதிப்பிடக் கூடாது. குருதிப் பெருக்கு, சன்னி, வலிப்பு ஆகியவற்றால் தாய்மார் மடிந்த காலம் ஒன்று இருந்தது. 2019–21ஆம் ஆண்டு தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 100க்கு 99க்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்கின்றன. 2018–20இல் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குத் தாய் இறப்பு 54 என்ற அளவுக்குக் குறைந்திருந்தது. உத்திரத்துக் கயிற்றுக்குத் திரும்புவோம் என்று எவரும் சொல்ல மாட்டார்.

ஆனால் அந்தப் பாதுகாப்போடு மல்லாந்த நிலையும் சேர்ந்து வந்துவிட்டது. இதில் என்ன தீங்கு?

உடல் சொல்லும் கணக்கு

நிறைமாதக் கருப்பை கனமானது. தாய் மல்லாந்து படுத்தால் அது முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் கீழ்ப்பெருஞ்சிரையை அழுத்துகிறது. இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைகிறது. தாயின் இரத்த அழுத்தம் தாழலாம். குழந்தைக்குச் செல்லும் குருதியும் குறையலாம். மேலும் படுக்கை அழுத்துவதால், திருவெலும்பும் வால் எலும்பும் பின்னுக்கு விலகிக் குழந்தைக்கு வழிவிடுவது தடைப்படுகிறது. நிமிர்ந்திருக்கும்போதோ புவியீர்ப்பு துணை செய்கிறது. குழந்தையின் தலை கருப்பை வாயின்மேல் நன்கு பதிகிறது.

25 ஆய்வுகளில் பங்குபெற்ற 5,218 பெண்களைப் பற்றிய தொகுப்பு 2013இல் வெளிவந்தது. வலியின் முதற்கட்டத்தில் நிமிர்ந்தும் நடந்தும் இருந்த பெண்களுக்கு, படுத்திருந்தவர்களைவிட அக்கட்டம் ஏறத்தாழ 1 மணி 22 நிமிடம் குறைந்தது. அறுவைப் பேறும் குறைந்தது. சிக்கலற்ற பேறுகளில் பெண்களை நடமாடவும் நிமிர்ந்திருக்கவும் ஊக்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. குழந்தை வெளிவரும் கட்டத்தில் நிமிர்ந்திருந்தால் ஆயுதப் பேறு குறைகிறது. ஆனால் குருதி இழப்பு சற்றுக் கூடலாம். ஆகவே நிமிர்ந்த நிலைக்கும் மருத்துவமனையின் காவல் தேவை.

பந்தின் கதை

1963இல் இத்தாலியைச் சேர்ந்த கோசானி என்ற பிளாஸ்டிக் தொழிலதிபர் இப்பந்தைத் தயாரித்தார். சுவிட்சர்லாந்தில் மேரி குவின்டன் என்ற ஆங்கில இயன்முறை மருத்துவர், மூளை வளர்ச்சிக் குறையுள்ள குழந்தைகளின் சிகிச்சைக்கு அதைப் பயன்படுத்தினார். அங்கு அதைக் கண்ட அமெரிக்கர்கள் 'சுவிஸ் பந்து' என்று பெயரிட்டனர். பின்னர் மருத்துவச்சிகள் அதைப் பிரசவ அறைக்குள் கொண்டுவந்தனர்.

நின்றே இருந்தால் கால் ஓயும்; நாற்காலி உறுத்தும்; பந்தோ உடலோடு அசையும். அமர்ந்து இடுப்பைச் சுழற்றலாம். மண்டியிட்டு அதன்மேல் மார்பைச் சாய்த்து முதுகுவலிக்கு ஆறுதல் தேடலாம். வலி குறைவதே இதன் தெளிவான பயன். அமரும்போது இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். நம் பெண்களில் பலருக்கு 55 அல்லது 65 செ.மீ. விட்டமுள்ள பந்து பொருந்தும். பாதங்கள் தரையில் பதிய, வெறுங்காலுடன், பாய் விரித்த இடத்தில் அமர வேண்டும். அருகில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கர்ப்ப காலத்தில் மருத்துவரைக் கேட்டபின்பே தொடங்க வேண்டும். குருதிக் கசிவோ நஞ்சு கீழிறங்கிய நிலையோ இருந்தால் பந்தை நாடக் கூடாது.

இரண்டாவது பாடம்

மேற்சொன்ன கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 100 பேறுகளில் ஏறத்தாழ 45 அறுவைப் பேறுகள். இதற்குக் காரணங்கள் பல. அறுவையால் பிழைத்த உயிர்களும் பல. ஒரு பந்து இந்த எண்ணைக் குறைத்துவிடாது. ஆயினும் வலியோடிருக்கும் பெண்ணை அசையாமல் கிடக்கச் சொல்வது அறிவியல் ஆகாது என்பதைப் பந்து நினைவூட்டுகிறது.

தாராசுரச் சிற்பத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. அந்தப் பெண் தனியாக இல்லை. அவளுக்கு இரண்டு தோள்கள் துணையாக இருக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் பேறுகாலத் துணையாக உறவுப் பெண் ஒருவரை அனுமதிக்கும் திட்டத்தைத் தமிழகம் 2004இல் தொடங்கியது. உங்கள் வீட்டில் ஒரு பெண் நிறைமாதமாக இருந்தால், மருத்துவரிடம் இப்போதே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: "வலி வந்தபின் அவள் எழுந்து நடக்கலாமா? உடன் யார் இருக்கலாம்?" பந்து கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சுவரும் நாற்காலியும் உங்கள் தோளும் போதும். எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் அந்தச் சிற்பி கண்டதும் அதைத்தான்.