ரணஜித் குகா: அரசின் ஆவணங்களைத் திருப்பி வாசித்த வரலாற்றாசிரியர்

இந்திய வரலாற்றெழுதியலில் ‘சபால்டர்ன் ஸ்டடீஸ்’ எனப்படும் அடித்தள மக்கள் ஆய்வு மரபைத் தொடங்கிவைத்தவர் வங்காள வரலாற்றாசிரியர் ரணஜித் குகா. நூறாவது பிறந்தநாளுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், 2023 ஏப்ரல் 28 அன்று ஆஸ்திரியாவில் காலமானார். ஆட்சியாளர்கள் தம் தேவைக்காக எழுதிவைத்த ஆவணங்களிலிருந்தே ஒடுக்கப்பட்டோரின் அரசியலை மீட்டெடுக்க இயலும் என்று நிறுவியது அவரது முதன்மையான பங்களிப்பு. வன்கொடுமை வழக்குகளில் காவல்துறை ஆவணங்களோடு அன்றாடம் மல்லுக்கட்டுவோர் அவரது வாசிப்பு முறையையும், அதன் போதாமையையும் சேர்த்தே அறிந்துகொள்ள வேண்டும்.

வாழ்க்கை

குகா 1923 மே 23 அன்று, இன்று வங்கதேசத்தில் உள்ள பாரிசால் வட்டாரத்தின் சித்தகாட்டி கிராமத்தில் பிறந்தார். அவரது குடும்பம் நிலவுடைமைக் குடும்பம். 1793இல் காரன்வாலிஸ் நடைமுறைப்படுத்திய நிரந்தர நிலவரித் திட்டத்தின் பயனை அனுபவித்த வர்க்கத்தைச் சேர்ந்தது. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் படித்த காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்தார். 1947இல் கட்சிப் பணிக்காக ஐரோப்பா சென்று 1953இல் திரும்பினார். ஹங்கேரியில் சோவியத் படைகள் நுழைந்ததை எதிர்த்து 1956இல் கட்சியிலிருந்து விலகினார்.

1959இல் இங்கிலாந்து சென்று, சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் பணியாற்றினார். 1980இல் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1963இல் வெளிவந்த அவரது முதல் நூல், நிரந்தர நிலவரித் திட்டத்தின் பின்னிருந்த ஐரோப்பியப் பொருளாதாரச் சிந்தனைகளை ஆராய்கிறது. தம் குடும்பத்துக்குச் சோறு போட்ட சட்டத்தையே அவர் முதல் ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டார்.

1970–71இல் காந்தியைக் குறித்து ஆய்வு செய்ய இந்தியா வந்தபோது நக்சல்பாரி இளைஞர்களைச் சந்தித்தார். அதன்பின் காந்தி ஆய்வைக் கைவிட்டு, உழவர் கிளர்ச்சிகளின் பக்கம் திரும்பினார். அந்த உழைப்பு 1983இல் காலனிய இந்தியாவின் உழவர் கிளர்ச்சிகள் பற்றிய பெருநூலாக வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1982இல், ‘சபால்டர்ன் ஸ்டடீஸ்’ முதல் தொகுதி வெளியாகியிருந்தது. 1989 வரை வந்த முதல் ஆறு தொகுதிகளையும் அவரே பதிப்பித்தார்.

அடக்குமுறையின் மொழி

1855ஆம் ஆண்டின் சந்தால் கிளர்ச்சியைப் பற்றிய ஆவணங்களைக் குகா மூன்று அடுக்குகளாகப் பிரித்தார். முதல் அடுக்கு, கிளர்ச்சி நடக்கும்போதே அதிகாரிகள் எழுதிய அவசரக் கடிதங்கள். இரண்டாவது, பிற்காலத்தில் அதிகாரிகள் எழுதிய நினைவுக்குறிப்புகளும் நிர்வாக வரலாறுகளும். மூன்றாவது, காலத்தால் விலகி நின்ற வரலாற்றாசிரியர்களின் நூல்கள். கிளர்ச்சியாளர் மீது பரிவு கொண்ட தேசியவாத, இடதுசாரி நூல்களும் இந்த மூன்றாம் அடுக்கில் அடங்கும். அவையும்கூட முதல் அடுக்கின் பார்வையிலிருந்து முழுமையாக விடுபடவில்லை என்பது குகாவின் குற்றச்சாட்டு. பசியும் கடனும் தாங்காமல் மக்கள் பொங்கி எழுந்தனர் என்று அவை விளக்கின. மக்கள் எண்ணித் துணிந்து முடிவெடுத்தனர் என்பதை ஏற்கத் தயங்கின.

இதற்கு மாற்றாக அவர் முன்வைத்த முறை எளிமையானது. அதிகாரி ‘வெறியர்’ என்று எழுதுமிடத்தில் ‘கிளர்ச்சியாளர்’ என்றும், ‘அரசுக்கு அடங்காமை’ என்று எழுதுமிடத்தில் ‘ஜமீன்தாருக்கு எதிரான போராட்டம்’ என்றும் வாசிக்க வேண்டும். இன்றைய முதல் தகவல் அறிக்கைகளிலும் இத்தகைய சொற்களைக் காணலாம். சாதியத் தாக்குதல் ‘முன்விரோதம்’ ஆகிறது. சேரி மீதான படையெடுப்பு ‘இரு தரப்பு மோதல்’ ஆகிறது. புகார் கொடுத்தவர் மீதே எதிர்வழக்கு பதிவாகிறது. வழக்கின் போக்கை இச்சொற்களே பெரிதும் தீர்மானிக்கின்றன.

குடை, செருப்பு, பல்லக்கு போன்ற உயர்நிலைச் சின்னங்களைக் கிளர்ச்சியாளர் ஏன் குறிவைத்தனர் என்பதையும் குகா விளக்கினார். உடையும் பேச்சும் ஊர்தியும் அதிகாரத்தின் மொழியாக இருந்த சமூகத்தில், அவற்றைப் பறிப்பதும் அணிவதும் அரசியல் செயல்களே. 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம், பொது இடத்தில் செருப்பு அணிவதையும் மிதிவண்டி ஓட்டுவதையும் திருமண ஊர்வலத்தில் குதிரையேறுவதையும் தடுப்பது குற்றம் எனத் தனியாகக் குறிப்பிட வேண்டியிருந்தது. குகா விவரித்த அந்த அதிகார மொழி இன்னும் வழக்கொழியவில்லை.

சந்திராவின் மரணம்

1987இல் ஐந்தாம் தொகுதியில் அவர் எழுதிய ‘சந்திராவின் மரணம்’ என்ற கட்டுரை சட்டத்துறையினர் கட்டாயம் படிக்க வேண்டியது. 1849இல் வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில், பாக்தி சாதியைச் சேர்ந்த சந்திரா என்ற பெண் கருக்கலைப்பு மருந்து உண்டதால் இறந்தார். எஞ்சியிருப்பவை அவரது தாய், சகோதரி, மருந்து பெற்றுத் தந்தவர் ஆகியோரின் சில பக்க வாக்குமூலங்கள் மட்டுமே. கருவுக்குக் காரணமான உறவினன், கருவைக் கலைக்காவிட்டால் சந்திராவை வைணவத் துறவியர் கூட்டத்தில் தள்ளிவிடுவதாகத் தாயை மிரட்டியிருந்தான்.

சட்டத்துக்கு வேண்டியிருந்தவை ஒரு குற்றமும் குற்றவாளிகளும் மட்டுமே. எனவே துயருற்ற தாயும் சகோதரியும் குற்றம் ஒப்புக்கொள்பவர்களாக ஆவணத்தில் நிற்கின்றனர். குகா அதே வாக்குமூலங்களில் ஊர்க்கட்டுப்பாட்டின் அச்சத்தையும், ஆணின் பொறுப்பின்மையையும், ஒரு பெண்ணைக் காப்பாற்றத் திரண்ட பெண்களின் ஒற்றுமையையும் கண்டார். சாதிப் படிநிலையின் அடியில் வைக்கப்பட்டு, பிறர் நிலத்தில் உழைத்துப் பிழைத்த பாக்திகளின் நிலையையும் அக்கட்டுரை பதிவு செய்கிறது.

போதாமை

முதல் தொகுதியின் முன்னுரையிலேயே அடித்தள நிலைக்கான காரணங்களுள் ஒன்றாகச் சாதியைக் குகா குறிப்பிட்டார். ஆறாம் தொகுதியில் பார்த்தா சாட்டர்ஜி சாதி குறித்து எழுதினார். ஆயினும் குகா பதிப்பித்த தொகுதிகளில் அம்பேத்கரிய அரசியல் மையப் பொருளாகவில்லை. குகா பிறந்த பாரிசால் வட்டாரமே நாமசூத்திரர் பெருந்திரளாக வாழ்ந்த பகுதி, ஜோகேந்திரநாத் மண்டலின் பிறப்பிடமும் அதுவே. அம்பேத்கரை 1946இல் வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பியதில் மண்டலுக்குப் பெரும்பங்கு உண்டு. நாமசூத்திரர் இயக்கத்தின் விரிவான வரலாற்றை 1997இல் நூலாகத் தந்தவர் சேகர் பந்தோபாத்தியாய். தலித் பகுஜன் நோக்கை முன்வைத்த காஞ்சா அய்லய்யாவின் கட்டுரை 1996இல், ஒன்பதாம் தொகுதியில்தான் இடம்பெற்றது.

ஆயுதமேந்திய கிளர்ச்சியில் மக்களின் அரசியலைக் கண்ட மரபு, மனு எழுதியும் சங்கம் அமைத்தும் பள்ளி கட்டியும் தனித்தொகுதி கேட்டும் நடந்த அரசியலுக்கு உரிய இடம் தரத் தாமதித்தது. அந்த அரசியலின் ஆவணங்களில் ஒடுக்கப்பட்டோர் தம் பெயரிலேயே, தம் கையெழுத்திலேயே பேசினர். அரசின் தாள்களைத் திருப்பி வாசிக்கும் திறனைக் குகாவிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம். நம் இயக்கங்களின் மனுக்கள், தீர்மானங்கள், வழக்குக் கட்டுகள் ஆகியவற்றைத் திரட்டிப் பாதுகாக்கும் பணி நம் பொறுப்பில் எஞ்சியிருக்கிறது.