பார்வையற்றோரும் பழுது பார்க்கும் கருவியும்

திருவொற்றியூரை அடுத்துள்ள சாத்தாங்காடு இரும்பு வணிகத்தால் பெயர் பெற்ற இடம். தகடும் கம்பியும் குழாயும் உத்தரமும் அங்கே குவியல் குவியலாகக் கிடக்கக் காணலாம். இரும்பு பாரம் தாங்கும் என்பதை அங்குள்ளோர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் அதே இரும்பு மனிதனுடைய எழுத்தையும் கணக்கையும் நினைவிற் கொண்டு நிற்கும் என்பது இந்த எழுபது ஆண்டுகளில் உலகம் கண்ட புதுமையாகும்.

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் தங்கள் ராமாக் கணிப்பொறியோடு முதல் வன்தட்டை வெளியிட்டனர். வழக்கில் நாம் ஹார்டு டிஸ்க் என்று சொல்லுவது இதனைத்தான். அதில் 24 அங்குல விட்டமுள்ள 50 வட்டத் தட்டுகள் இருந்தன. அவற்றின்மேல் இரும்பு ஆக்ஸைடு, அதாவது துருவின் இனத்தைச் சேர்ந்த பொருள், பூசப்பட்டிருந்தது. அத்துணைப் பெரிய பொறியில் அடங்கியவை ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளே. இன்றோ உள்ளங்கையளவுள்ள தட்டில் ஒரு நூல்நிலையமே அடங்கிவிடுகிறது. அந்நூல்நிலையம் பழுதுபட்டால் பார்வையற்ற ஒருவர் அதனைத் தாமே சீர்செய்துகொள்ள இயலுமா என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்கவிருக்கும் பொருள்.

நேயர்களே, வானொலியின் முன்னே பார்வையுடையோரும் பார்வையற்றோரும் சமமானவர்கள். 1938 ஜூன் 16-ஆம் நாள் சென்னை வானொலி நிலையம் திறக்கப்பட்டபோது, அதன் பயனில் ஒரு சிறிதும் குறையாமல் பெற்றவர்கள் பார்வையற்றோர். ஆனால் எழுத்து அவ்வாறன்று. அது கண்ணை நம்பிப் பிறந்தது. அதனை விரலுக்கு உரியதாக்கியவர் பிரான்சு நாட்டு லூயி பிரெயில். 1809-இல் பிறந்து, மூன்றாம் வயதில் தந்தையாரின் தோல் பட்டறையில் ஏற்பட்ட விபத்தால் பார்வையிழந்த அவர், 1829-இல் ஆறு புள்ளிகளைக் கொண்ட தம் எழுத்து முறையை நூலாக வெளியிட்டார்.

அம்முறை தமிழகத்திற்கு வந்த வரலாறும் அறியத்தக்கது. 1890-இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்கெனப் பள்ளி தொடங்கினார். பிரெயிலைத் தமிழுக்குப் பொருத்தும் முயற்சியும் அங்கே நடந்தது. பின்னர்ப் பூந்தமல்லியில் அரசினர் பள்ளி தோன்றியது. ஆயினும் நெடுங்காலம் நாட்டில் ஒரு முறை நிலவவில்லை. இடத்துக்கு ஒரு முறை, மொழிக்கு ஒரு முறை என்று பல புள்ளி எழுத்துகள் வழங்கின. ஒரு முறையில் கற்றவர் மற்றொரு முறையில் அச்சான நூலைத் தடவிப் பார்த்து விழித்தார். இக்குழப்பத்தைத் தீர்க்க இந்திய அரசாங்கம் 1949-இல் யுனெஸ்கோவின் துணையை நாடியது. நியூசிலாந்து நாட்டவரும், முதல் உலகப் போரில் கலிபோலிக் களத்தில் பார்வை இழந்தவருமான கிளுத்தா மெக்கன்சி அப்பணியில் முன்னின்றார். 1951-இல் பாரதி பிரெயில் என்னும் பொது முறை ஏற்கப்பட்டது. அதன்படி தமிழ்க் ககரத்துக்கும் இந்திக் ககரத்துக்கும் ஒன்றாம் புள்ளியும் மூன்றாம் புள்ளியுமே அடையாளம்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்று. கருவி இருந்தால் மட்டும் போதாது. அது உரியவர் கைக்கு, அவர் தாமே கையாளும் வடிவில், வந்து சேர வேண்டும்.

கணிப்பொறி வந்தபோதும் இதே கதை மீண்டும் நடந்தது. தொடக்கத்தில் திரையில் எழுத்துகள் மட்டுமே தோன்றின. எழுத்தைக் குரலாக மாற்றுவது எளிது. எனவே 1980-களிலேயே திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் எழுந்தன. 1978-இல் கார் விபத்தில் பார்வையிழந்த டெட் ஹென்டர் என்னும் அமெரிக்கர் நிறுவிய நிறுவனம் 1989-இல் ஜாஸ் என்னும் மென்பொருளை வெளியிட்டது. பின்னர் எழுத்தின் இடத்தைப் படங்களும் சின்னங்களும் பற்றிக்கொண்டன. ஜாஸும் அதற்கேற்ப மாறி 1995-இல் விண்டோசுக்கு வந்தது. அதன் விலையோ ஏழை எளியோர்க்கு எட்டவில்லை. 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்னும் பார்வையற்ற இளைஞர் என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருளைத் தொடங்கி, எவரும் இலவசமாகப் பெற வழிசெய்தார். இன்று அது தமிழையும் படித்துச் சொல்கிறது.

இனி, பழுதுக்கு வருவோம். வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுழலுகிறது. அதன்மேல் படிக்கும் முனை தொட்டும் தொடாமலும் மிதக்கிறது. தட்டில் ஓரிடம் கெட்டால் அங்கிருந்த செய்தி படிக்க இயலாததாகிறது. இங்கே ஒரு வியப்பு உண்டு. பழுது வருவதைப் பல வேளைகளில் முதலில் உணர்பவர் பார்வையற்றவரே. முனை தடுமாறும்போது எழும் ‘டிக் டிக்’ ஓசை, கூர்த்த செவிக்குத் தப்புவதில்லை. ஆனால் அதற்கு மருந்து தேடப் புகும்போதுதான் அவர் தடைப்படுகிறார்.

கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக் கரண்டி வைத்திருப்போம். அக்கரண்டியும் வாளியோடு கிணற்றுக்குள் விழுந்துவிட்டால் என் செய்வது? திரைபடிக்கும் மென்பொருளின் நிலை இதுவே. அது குடியிருப்பது அதே வன்தட்டில். வன்தட்டு எழாவிடில் அதன் குரலும் எழாது.

விண்டோசில் தட்டைச் சோதிக்கும் செக்டிஸ்க் என்னும் கட்டளை உண்டு. வேறொரு தட்டைச் சோதிக்கும்போது அது எழுத்தாகவே விடை தருவதால் பார்வையற்றவர் தடையின்றிக் கேட்டறியலாம். ஆனால் விண்டோஸ் குடியிருக்கும் தட்டையே செப்பனிட வேண்டுமாயின், கணிப்பொறி மறுமுறை எழும்போது, குரல் பிறப்பதற்கு முன்னரே அது நடைபெறுகிறது. திரையில் விழுக்காடு ஏறிக்கொண்டிருக்கும், அறையில் ஓசையிராது. வேலை நடக்கிறதா, நின்றுவிட்டதா என்று அறியாதவர் இடையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டால் கேடு பெருகவும் கூடும். ஸ்பின்ரைட் என்னும் பழம்பெருங் கருவி விண்டோசையே விலக்கி டாஸ் அமைப்பில் இயங்குவது. விண்டோசுக்கென எழுதப்பட்ட திரைபடிப்பான் எதுவும் அங்கே வாய் திறக்க வழியில்லை. கணிப்பொறி எழுந்தவுடன் தோன்றும் அடிப்படை அமைப்புத் திரைகளும் பெரும்பாலும் பேசுவதில்லை.

வழியே இல்லையா என்றால், உண்டு. லினக்ஸ் அமைப்பில் ஸ்பீக்கப் என்னும் பேச்சுக் கருவியும், புள்ளி எழுத்துப் பலகையை இயக்கும் பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்னும் கருவியும் தொடக்க நிலையிலேயே விழித்துக்கொள்ளக் கூடியவை. 2013-இல் வெளிவந்த டெபியன் 7, நிறுவும்போதே பேசும் வசதியைத் தந்தது. இத்தகைய அமைப்பைத் தனிக்குச்சியில் வைத்துக்கொண்டு கணிப்பொறியை எழுப்பினால், பாதாளக் கரண்டி கிணற்றுக்கு வெளியே இருந்தது போலாகும். கெட்ட தட்டிலிருந்து படிக்க இயல்வதை முதலில் நகலெடுத்து, அரியவற்றைப் பின்னர் முயலும் டிடிரெஸ்க்யூ போன்ற கருவிகள், எழுத்தாகவே உரையாடுகின்றன. ஆனால் இவ்வழி அறிந்தோர் சிலரே.

‘அண்டை வீட்டுக்காரரிடம் கொடுத்தால் ஆயிற்று, ரிச்சி தெருவில் கொடுத்தால் ஆயிற்று’ என்பார் உளர். வன்தட்டில் இருப்பவை யாவை? வங்கிக் கணக்கு, மருத்துவச் சீட்டு, மனைவி மக்களுக்கு எழுதிய மடல், பல்லாண்டு உழைத்த ஆய்வு. அவற்றைப் பிறர் கையில் ஒப்படைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை பார்வையுடைய நமக்கு இருக்கிறது. அவருக்கும் அது வேண்டும். உதவி பெறுவது இழிவன்று. ஆனால் உதவியின்றி ஒன்றும் இயலாதபடி கருவியைச் செய்து வைப்பது நீதியன்று.

சட்டமும் இத்திசையில் நகர்ந்துள்ளது. 2016-இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், செய்தித் தொடர்புத் துறையிலும் அணுகல் வசதி வேண்டும் என்கிறது. அதன்கீழ் அமைந்த விதியொன்று வெறும் பரிந்துரையாய் நிற்பதைச் சுட்டிய உச்ச நீதிமன்றம், கட்டாய விதிகளை வகுக்குமாறு 2024 நவம்பர் 8-இல் ஆணையிட்டது. 2025 ஏப்ரல் 30-இல் வழங்கிய மற்றொரு தீர்ப்பில், மின்வழிச் சேவைகளை அணுகுவதும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழ் உரிமையின் பகுதியே என்று கூறியது.

எனினும் பட்டறைக்குள் சட்டம் நுழைவது மெதுவாகத்தான். இன்றைய புதுவகைத் தட்டுகளில் சுழலும் பகுதியே இல்லை. ஆதலின் பழுது வரும்போது ‘டிக்’ என்ற ஓசையும் இல்லை. செவிக்கிருந்த அந்த ஒரே முன்னறிவிப்பும் போய்விட்டமையால், இனி மென்பொருள் தானே வாய் திறந்து சொன்னாலன்றிப் பார்வையற்றவர் அறிய வேறு வழியில்லை. ஆகவே, கருவி செய்வோர் தம் முடிவுகளை வண்ணத்தாலும் கட்டங்களாலும் மட்டும் காட்டாது எழுத்தாலும் தர வேண்டும். பழுது பார்ப்போர் தட்டின் நிலையைப் பற்றிய அறிக்கையை உரியவர்க்கு எழுத்துக் கோப்பாகவே கொடுக்க வேண்டும். பார்வையற்ற அன்பர்களோ, தட்டு நலமாயிருக்கும்போதே இன்றியமையாதவற்றை மற்றோரிடத்தும் நகலெடுத்து வைத்தலும், பேசும் அமைப்புள்ள குச்சியொன்றை ஆயத்தமாய் வைத்தலும் நன்று.

ஆறு புள்ளிகள் விரல் நுனியில் நூலைக் கொண்டுவந்தன. அந்நூலைக் காக்கும் பொறியின் சாவியும் அதே விரல்களுக்கு எட்டுமாறு செய்வது இக்காலத்தவராகிய நமது கடமையாகும்.