காற்றை அமுக்கி எடுத்த நெருப்பு

திகன மலையில் இருக்கும் நமக்கு மீன் தந்த வள்ளங்கள் ஒரு காலத்தில் பாயை நம்பியே கடலுக்குப் போயின. காற்று விழுந்தால் துடுப்பு வலிக்க வேண்டும். கரை சேரும் நேரம் யாருக்கும் தெரியாது.

1958 முதல் கடற்றொழில் திணைக்களம் டீசல் எஞ்சின் பூட்டிய 28 அடி, 3½ தொன் படகுகளை மீனவர்களுக்குத் தவணைக் கடனில் கொடுத்தது.

ருடோல்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியில் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் வழி வந்தது அது. அதற்குத் தீப்பொறி தேவையில்லை. சிலிண்டருக்குள் காற்றை இறுக அமுக்கினால் அது கடுமையாகச் சூடேறும். தெளிக்கும் டீசல் தானாகப் பற்றும். மலாய் மக்கள் அதற்கு முன்பே சின்னக் குழாயில் தண்டை ஓங்கி அடித்து இப்படி நெருப்பு எடுத்தார்கள்.

அதனால் பெற்றரி செத்தாலும் சின்ன எஞ்சினுக்குக் கை போதும். கியரை நியூட்ரலில் வைத்து, அமுக்கத்தைத் திறந்துவிடும் லீவரைத் தூக்கி, ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். கனத்த சில்லு வேகம் பிடித்ததும் லீவரை இறக்கினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பெருவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைக்க வேண்டும். ஹேண்டில் திருப்பி அடித்தால் விரல் உடையும்.

சைக்கிள் பம்பை அடித்துவிட்டு அதன் அடியைப் பிள்ளைகளிடம் தொட்டுப் பார்க்கச் சொல்வோம். அந்தச் சூடுதான் நடுக்கடலில் நின்றவர்களை வீடு சேர்த்தது.