அபினும் தண்டனைச் சட்டமும்

கொல்கத்தாவில் வாழும் தமிழ் மக்கள் பலர் மாலை வேளையில் ஹூக்ளிக் கரைக்குச் சென்று காற்று வாங்குவதுண்டு. அந்நதியின் வழியே சணலும் தேயிலையும் கப்பலேறியதை நாம் அறிவோம். அவற்றோடு அபினும் கப்பலேறியதை நாம் அடிக்கடி நினைப்பதில்லை. இன்று அப்பொருளை உரிமமின்றிச் சிறிதளவு வைத்திருப்பினும் சிறை வாயில் திறக்கும். அந்நாளிலோ இந்நகரில் அரசாங்கமே அதனை ஏலம் கூறி விற்றது. அந்நிலையிலிருந்து இந்நிலைக்குச் சட்டம் வந்த வழி நாம் அறியத்தக்கது.

1773ஆம் ஆண்டில் வாரன் ஹேஸ்டிங்ஸ், வங்கத்து அபின் கொள்முதலைக் கம்பெனியின் தனியுரிமை ஆக்கினார். பீகாரிலும் காசியைச் சுற்றிய பகுதிகளிலும் உழவர்கள் கசகசாச் செடியைப் பயிரிட்டனர். நம் சமையலறைக் கசகசா அச்செடியின் விதையே. அதன் காயைக் கீறினால் வடியும் பாலே அபின். அது ஏறத்தாழ 140 ராத்தல் கொண்ட பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கல்கத்தாவுக்கு வந்தது. இங்கே ஏலத்தில் எடுத்த தனி வணிகர்கள், சீனப் பேரரசின் தடையை மீறி அதனை அந்நாட்டில் கொண்டு சேர்த்தனர். பணம் கம்பெனிக்கு, கடத்தற்பழி வணிகருக்கு. 1839இல் லின் என்னும் சீன அதிகாரி 20,000க்கும் மேற்பட்ட பெட்டிகளைப் பறித்து அழித்தார். அதன் விளைவாக மூண்ட போர் 1842இல் நான்கிங் உடன்படிக்கையில் முடிந்தது.

இந்நிலையில் சட்டம் யாரைத் தண்டித்தது? கல்கத்தா தலைநகராய் இருந்த அக்காலத்தில் 1857, 1878ஆம் ஆண்டுகளின் அபின் சட்டங்கள் பிறந்தன. உரிமம் பெற்ற உழவன் விளைந்தது முழுவதையும் அரசாங்கத்திடமே ஒப்படைக்க வேண்டும். விதியை மீறி அபினை வைத்திருப்பவனுக்கும் விற்பவனுக்கும் 1878ஆம் ஆண்டுச் சட்டம் ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதித்தது. அபின் தீது என்பதற்காக அன்று. அரசாங்கத்தின் வருவாய் குறையும் என்பதற்காகவே இத்தண்டனை.

பின்னர் உலகின் மனச்சான்று விழித்தது. 1907இல் சீனாவுக்கான ஏற்றுமதியைப் படிப்படியாகக் குறைக்க உடன்பாடு ஏற்பட்டது. 1912இல் ஹேக் நகரில் சர்வதேச ஒப்பந்தம் உருவாயிற்று. 1930இல் இந்தியாவில் அபாயகரமான மருந்துப் பொருள்கள் சட்டம் இயற்றப்பட்டது. வங்க மாகாணமும் 1932இல், அபின் புகைக்கும் வழக்கத்தைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் செய்தது. வருவாயைக் காத்து வந்த சட்டம், மக்களைக் காக்கவும் முற்பட்டது.

சுதந்திர இந்தியாவில் கடத்தல் பெருகியபோது பழைய தண்டனைகள் போதா என்ற எண்ணம் வலுத்தது. பழைய சட்டத்தில் உச்ச தண்டனை மூன்றாண்டு. மீண்டும் குற்றம் புரிந்தால் நான்காண்டு. குறைந்தபட்சம் என்பதே இல்லை. 1985 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த போதைப்பொருள்கள் சட்டம், பெரும்பாலான குற்றங்களுக்குப் பத்தாண்டுக்குக் குறையாமல் இருபதாண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதித்தது. 1989இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பெருமளவு கடத்தலில் மீண்டும் ஈடுபடுவோர் சிலருக்குத் தூக்குத் தண்டனையையும் சேர்த்தது. ஜாமீனும் அரிதாயிற்று.

கடுமை பெருகியதால் நீதியும் பெருகியதா? தன்னிடம் இருந்த சிறிதளவு பொருள் சொந்த உபயோகத்துக்கே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, பிடிபட்டவன் மீதே விழுந்தது. மெய்ப்பிக்க இயலாத ஏழைக்கும் பெருவணிகனுக்கும் ஒரே பத்தாண்டு காத்திருந்தது. இக்குறையை உணர்ந்தே 2001இல் பாராளுமன்றம் அளவுக்கேற்ற தண்டனையை வகுத்தது. ஹெராயினில் 5 கிராம் வரை சிறிதளவு. 250 கிராமுக்கு மேல் வணிக அளவு. சிறிதளவுக்கு உச்ச தண்டனை ஆறு மாதம் என்றாயிற்று. 2014இல் அது ஓராண்டாக உயர்ந்தது. கட்டாயத் தூக்குத் தண்டனை அரசியலமைப்புக்கு ஒவ்வாதென 2011இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கிசைய 2014ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தண்டனையை நீதிபதியின் முடிவுக்கு விட்டது. சிகிச்சையை நாடி வரும் அடிமைப்பட்டோர்க்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

காஜிபூரில் அரசாங்கத்தின் அபின் ஆலை இன்றும் மருந்துக்காக இயங்குகிறது. பொருள் ஒன்றே, அது பயன்படும் நோக்கமே வேறு. சட்டத்திற்கும் இது பொருந்தும். தன் வருவாய்க்காக உழவனைத் தண்டித்த சட்டத்தையும், குடும்பங்களைக் காக்க எழுந்த சட்டத்தையும் இந்நாடு கண்டிருக்கிறது. பிறர் அழிவில் பொருள் குவிப்பவன் மீது தண்டனை வன்மையாக விழட்டும். பழக்கத்தில் சிக்கிய இளைஞனுக்கோ மருத்துவமனையின் கதவு முதலில் திறக்கட்டும். இருவரையும் வேறுபடுத்திக் காண்பதே நீதி என்பதை ஹூக்ளிக் கரையின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.