மானின் கண்ணும் வாங்குபவரின் கண்ணும்

அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள் உடுத்துகிற உருமறைப்பு உடை யாருடைய கண்ணை ஏமாற்றச் செய்யப்பட்டது? மானின் கண்ணை என்பார்கள். அந்த உடையின் வரலாற்றைப் புரட்டினால் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை.

தொடக்கத்தில் நிற்பவர் ஓர் ஓவியர், ஆபட் தேயர். விலங்குகளின் நிறங்கள் எல்லாமே ஒளிவதற்குத்தான் என்கிற அவரது வாதத்தை அவருடைய மகன் 1909இல் புத்தகமாக்கினார். பூநாரையின் சிவப்புகூட அந்தி வானத்தில் கரைவதற்காம். வேட்டைக்காரரான தியோடர் ரூஸ்வெல்ட் 1911இல் இதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஆனாலும் 1915இல் பிரெஞ்சு ராணுவம் ஓவியர்களைக் கொண்டே உருமறைப்புப் பிரிவை அமைத்தது. இனி ஏமாற்ற வேண்டிய கண் மனிதக் கண். 1942இல் அமெரிக்க மரைன் படையினருக்கு வந்த 'தவளைத்தோல்' துணி, நார்வெல் கில்லெஸ்பி என்ற தோட்டக்கலை எழுத்தாளர் வகுத்தது. போர் முடிந்ததும் அது மலிவு விலையில் வேட்டைக்காரர்களின் தோளுக்கு வந்தது. எதிரிச் சிப்பாய்க்காகச் செய்ததை மானுக்கும் போதும் என்று நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

மரத்தில் பரண் கட்டி வில்லோடு காத்திருப்பது பரவியபோது ராணுவத்தின் படுக்கைவாட்டுத் திட்டுகள் உதவவில்லை. மரம் செங்குத்தாக அல்லவா நிற்கிறது! வர்ஜீனியாவின் ஜிம் கிரம்லி மரப்பட்டையை நெடுக்குக் கோடுகளாக்கி 'ட்ரீபார்க்' கொண்டுவந்தார். 1986இல் பில் ஜோர்டனின் 'ரியல்ட்ரீ', டாக்ஸி ஹாஸின் 'மாஸி ஓக்' இரண்டும் வந்தன. கிளை, சருகு எல்லாம் நிழற்படம் போலத் துணியில் ஏறிக்கொண்டே போயின. கடையில் தொங்கும்போது காடே தொங்குகிற மாதிரி இருக்கும். இருபது கஜம் தள்ளி நின்று பாருங்கள்: நுணுக்கமெல்லாம் கலந்து ஒரே கறுப்புக் கட்டி. அப்படியானால் அந்தச் சருகின் நரம்பு யாருக்காக? காசு கொடுக்கிறவருக்காக. மான் இங்கே பிரதியின் வாசகராகக்கூடக் கணக்கில் இல்லை.

1992இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுதான் மானின் கண்ணையே கேட்டது. வெண்வால் மானுக்கு இரண்டு வகைக் கூம்புச் செல்களே உண்டு. சிவப்பும் ஆரஞ்சும் அதற்குத் தனித்துத் தெரியாது. நீலம் நன்றாகத் தெரியும், புற ஊதாவை நம்மைவிட அதிகம் உணரும். அதாவது நீல ஜீன்ஸ் ஆரஞ்சுச் சட்டையைவிட ஆபத்து. துணியைப் பளிச்சென்று காட்டுகிற சலவைத்தூளில் துவைத்தால் எவ்வளவு விலை கொடுத்த உருமறைப்பும் வீண்.

பரணில் இன்னொரு சிக்கல். கீழிருந்து அண்ணாந்து பார்க்கிற மானுக்குப் பின்புலம் காடல்ல, வானம். இலை உதிர்ந்த நவம்பரில் இருண்ட உடை, வெளிறிய வானில் முழு ஆளாக நிற்கும். வெளிர்சாம்பல் அடிநிறத்தில் அகன்ற கரும்பிளவுகள்தான் அந்த ஆளுருவை உடைக்கும். இலை நிறைந்த செப்டம்பருக்குப் பச்சை சரி. தடித்த அடிமரம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பட்டைக் கோடும் சரி. முகத்தையும் கையையும் மூடாவிட்டால் எதுவும் சரியில்லை. அசைந்தால் சொல்லவே வேண்டாம்.

பிறகு மானின் பார்வையும் சரக்காகியது. கோர் நிறுவனம் பார்வை விஞ்ஞானி ஜே நைட்ஸையும் ராணுவ உருமறைப்பு வல்லுநர் திமதி ஓ'நீலையும் சேர்த்து 'ஆப்டிஃபேட்' செய்தது. பரணுக்கென்றே அதில் தனி வடிவம் உண்டு. இலையும் இல்லை, கிளையும் இல்லை. வாங்குகிறவர் தன் கண்ணை நம்பாமல் வாங்க வேண்டிய துணி இது.

துப்பாக்கிப் பருவம் தொடங்கியதும் பெரும்பாலான மாநிலங்களில் இதன் மேலேயே பளீர் ஆரஞ்சு அங்கியைச் சட்டப்படி மாட்டியாக வேண்டும். மானுக்கு அது மங்கல்தான். எதிர்மரத்தில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிற இன்னொரு மனிதருக்குத் தெரிய வேண்டுமே.