சங்கீத அறையும் வயலின் ரீச்சரும்

எமது கல்லூரியின் நூறாண்டு வரலாற்றில் அதிபர்களின் பெயர்களும் கட்டடங்கள் எழுந்த ஆண்டுகளும் ஒழுங்காகப் பதிவாகியுள்ளன. சங்கீத அறையில் நடந்தவை அப்படிப் பதிவாகவில்லை. எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் அந்த அறையில் பாயில் இருந்து படித்தவர்கள் நாங்கள். எங்கள் வயலின் ரீச்சரைப் பற்றித் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறோம். பெயர் போடுவது அவருக்குப் பிடிக்காது, இங்கும் போடவில்லை.

ரீச்சர் சங்கீதம் படித்தது சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். ஐம்பதுகளில் இங்கிருந்து இசை படிக்க விரும்பியவர்கள் பலர் அங்கேதான் போனார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் பிடித்த கதையைப் பலமுறை சொல்வார். 1964 டிசெம்பர்ப் புயலில் அந்த ஸ்ரேசனே இல்லாமற் போனதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழும். ஆனால் தன் முதற் குரு சிதம்பரத்தில் இல்லை, கோயில் மேளந்தான் என்பார். தட்சணாமூர்த்தியின் தவிலை விடியும்வரை இருந்து கேட்டவர் அவர். 1960இல் மருதனார்மடத்தில் தொடங்கிய இராமநாதன் அக்கடமியில் மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்த நாள்களையும் அடிக்கடி நினைவுகூருவார்.

வயலின் வந்த வரலாற்றை அவரிடந்தான் கேட்டோம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி, சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் இதைப் பழகினார். தஞ்சை வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மகாராஜா 1834இல் தந்தத்தாலான வயலின் பரிசளித்தார். "வெள்ளைக்காரன் நிண்டு வாசிச்சதை நாங்கள் இருந்து வாசிக்கிறம். சம்மணம் கட்டினாப் பிறகுதான் அதுக்குக் கமகம் வந்தது, பிள்ளையள்" என்பார்.

அவரிடம் வயலின் படிக்க வந்த பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் வயலின் கிடையாது. மாயாமாளவகௌளையில் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் மூன்று காலத்திலும் பாடவேண்டும், தாளம் போடவேண்டும். பெற்றோர் முணுமுணுத்தார்கள். மற்றப் பிள்ளைகள் மலகரியில் கீதம் வாசிக்கும்போது நாங்கள் ஸரிகம பாடிக்கொண்டிருந்தோம். வட இலங்கைச் சங்கீத சபையின் முதலாந் தரப் பரீட்சைக்கும் ஒரு வருடம் பிந்தியே அனுப்பினார். எங்களுக்கும் கோபந்தான்.

வயலின் கைக்கு வந்தபிறகும் விரல் வைக்கும் இடங்களில் கடதாசி ஒட்டி அடையாளம் வைக்க விடமாட்டார். அடையாளத்தைக் கண் பார்க்கும், காது நித்திரை கொள்ளும் என்பது அவர் கட்சி. கல்லூரியில் அரை அளவு வயலின் இரண்டு இருந்தன. கை நீளாத பிள்ளைக்கு முழு வயலின் கொடுக்கவே மாட்டார். தோள் உயரும், மணிக்கட்டு மடியும், பிறகு அதுவே பழகிவிடும் என்பார். கழுத்துவலியோடு வருகிறவர்களைப் பார்க்கும் தொழிலுக்கு வந்தபிறகுதான் இது எங்களுக்கு விளங்கியது.

1990இன் பின் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் தந்தியும் வரவில்லை. மெல்லிய தந்தி அறுந்தால் சைக்கிள் பிறேக் கேபிளின் ஓர் இழையைப் பிரித்துக் கட்டினார். கரகரவென்று கேட்கும். வில்லுக்குப் பூசக் குங்கிலியம். ஜாம்போத்தல் விளக்கடியில் ஒரு வயலினை ஐந்து பேர் மாறி மாறி வாசித்தோம். மற்ற நால்வர் பாடவேண்டும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு எல்லோரும் வெளிக்கிட்டபோது கல்லூரி வயலின்களை எடுக்க யாருக்கும் நேரமில்லை. தென்மராட்சியில், பல குடும்பங்கள் ஒண்டியிருந்த ஒரு வீட்டு விறாந்தையில் ரீச்சரைக் கண்டோம். அவர் கையிலும் வயலின் இல்லை. இரண்டாம் கிழமையே எங்களை இருத்தினார். நாங்கள் பாட, வலது முன்கையையே தந்தியாக்கி அதில் இடது கை விரல்களை வைக்கச் சொன்னார். அந்த மூன்று மாதப் பாட்டு எதற்கென்று அன்றைக்குத்தான் எங்கள் கோபத்துக்குப் பதில் கிடைத்தது. சுருதி பிசகினால் உடனே தெரிந்தது, எங்களுக்கே.

1996இல் திரும்பி வந்தபோது அரை வயலின்களில் ஒன்று கறையான் தின்றுபோயிருந்தது. மற்றதன் கழுத்து கழன்றிருந்தது. ரீச்சரே ஒட்டினார், கொஞ்சம் கோணல்.

அந்த வயலின் இன்னும் சங்கீத அறையில் இருக்கிறது. இப்போது அங்கே கற்பிப்பவர் எங்கள் வகுப்புத் தோழி. சென்ற வருடம் போயிருந்தபோது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பாயில் இருந்து பாடிக்கொண்டிருந்தார்கள். "ரீச்சர் எப்ப வயலின் தருவா?" என்று ஒருத்தி எங்களிடம் இரகசியமாகக் கேட்டாள்.