நுங்கம்பாக்கத்தில் பிடிபட்ட குறுங்கோள்கள்

1861 ஏப்ரல் 17 அன்று, சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் அவ்வாண்டுதான் பொறுப்பேற்றிருந்த நார்மன் ராபர்ட் போக்சன் ஒரு குறுங்கோளைக் கண்டார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் அதற்கு வரிசை எண் 67, பெயர் ஆசியா. இந்தக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் குறுங்கோள் அதுவே. கிரேக்கப் புராணத்தில் இப்பெயரில் ஒரு தேவதையும் உண்டு என்பதால், குறுங்கோள்களுக்குப் புராணப் பெயர் சூட்டும் அக்கால வழக்கமும் மீறப்படவில்லை. சென்னையின் பெருமை பேசுவோர் பெரும்பாலும் இந்த 'முதல்' என்ற சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். குறுங்கோளின் மதிப்பு யார் முதலில் பார்த்தார் என்பதைவிட, அதன் பாதை எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்பதில்தான் இருக்கிறது. நுங்கம்பாக்கத்தின் பங்கையும் அப்படி அளப்பதே பொருத்தம்.

அன்றைக்கு ஒளிப்படத்தால் குறுங்கோள் தேடும் முறை வரவில்லை. விண்மீன் படத்தையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்து, படத்தில் இல்லாத புள்ளி இடம் நகர்கிறதா என்று கண்ணால்தான் கவனிக்க வேண்டும். ஒரே இரவின் காட்சியிலிருந்து அது எவ்வளவு தொலைவில், எந்த வழியில் போகிறது என்று சொல்ல முடியாது. 1801இல் வானியலாளர் பியாட்சி கண்ட முதல் குறுங்கோளான சீரிஸ், சூரிய ஒளியில் மறைந்து கைநழுவிப் போனது. இளம் கணிதவியலாளர் காஸ் போட்ட கணக்கால்தான் ஆண்டின் இறுதியில் மீண்டும் அகப்பட்டது. சென்னையின் சிக்கல் இன்னும் பெரிது. இங்கிலாந்துக்குத் தந்தித் தொடர்பு 1865இல்தான் வந்தது. அதுவரை கடிதம் கப்பலேறிப் போகவேண்டும். கண்டவரே அடுத்தடுத்த இரவுகளில் இடத்தை அளந்து வைக்காவிட்டால் ஐரோப்பியர் தேடிப் பிடிப்பார்கள் என்று நம்பியிருக்க வழியில்லை. இன்று அதன் பாதை தெளிவாகத் தெரியும்: ஏறத்தாழ 60 கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஆசியா, சுமார் 3 ஆண்டு 9 மாதங்களில் சூரியனைச் சுற்றுகிறது. சூரியனை நெருங்கும்போது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப் போல் 2 மடங்கிலும், விலகும்போது ஏறக்குறைய 2.9 மடங்கிலும் இருக்கிறது.

ஏற்கெனவே 66 இருக்க, இன்னொன்றால் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், எண்ணிக்கை மட்டும் என்றால் ஆசியா ஓர் அடிக்குறிப்பு. ஆனால் போக்சன் 1864இல் இங்கிருந்து கண்ட சாஃபோ என்ற குறுங்கோளைப் பாருங்கள். சூரியனின் தொலைவை அளக்க வெள்ளி சூரியனைக் கடக்கும் அரிய நாள்களை வானியலாளர் பெரிதும் நம்பியிருந்தனர். வெள்ளியின் வட்டு விளிம்பில் மங்கலாகத் தெரிந்ததால் அந்த அளவீடுகள் ஒத்துப்போகவில்லை. குறுங்கோளோ விண்மீனைப் போல் வெறும் புள்ளி, பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு அதன் தொலைவை நுட்பமாக அளந்து, சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம். நன்னம்பிக்கை முனையிலிருந்த வானியலாளர் டேவிட் கில், 1888–89இல் விக்டோரியா, ஐரிஸ், சாஃபோ மூன்றையும் இதற்குத் தேர்ந்தெடுத்தார். அதிலிருந்து பெற்ற சூரிய இடமாறு தோற்ற மதிப்பு (சூரியனின் தொலைவைத் தரும் கோணம்) 8.80 வில்நொடி, பல பத்தாண்டுகள் வானியல் பஞ்சாங்கக் கணக்குகள் அதையே பயன்படுத்தின. 1866இல் நுங்கம்பாக்கத்திலேயே அகப்பட்ட சில்வியா என்ற குறுங்கோளுக்கு இரண்டு துணைக்கோள்கள் உண்டு என்பது 2001இலும் 2004இலும் எடுத்த படங்களில் தெரிந்தது. துணைக்கோள் சுற்றும் வேகத்தைக் கொண்டு தாய்க்கோளின் நிறையைக் கணக்கிடலாம்.

இன்னொரு மறுப்பு: நாட்டிங்காமில் பிறந்த ஆங்கிலேய அதிகாரி கண்டதற்கு ஆசியா என்று பெயர் வைத்தால் அது ஆசியர்களின் சாதனையாகிவிடுமா? ஆகாது. அந்தப் பெயர் தொலைநோக்கி நின்ற இடத்தைச் சொல்கிறது, அவ்வளவே. ஆனால் அங்கே வெள்ளையர் மட்டும் உழைக்கவில்லை. போக்சன் வருவதற்கு முன்பிருந்தே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரி, 1867இல் தென்வானத்தில் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்ததையொட்டி, பொதுமக்களுக்காக இந்திய மொழிகளிலும் நூல் எழுதி வெளியிட்டார். 1880இல் அவர் மறைந்தார். வெள்ளி தராத விடையை, அவர் பணியாற்றிய ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட சாஃபோவைக் கொண்டு கில் அளந்தது அதற்குப் பிறகுதான்.